ஆடுவோனும் ஆராய்வோனும்: சி. மௌனகுருவின் அரங்கப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

1

தமிழ் நாடக வரலாற்றை எழுத முற்படுவோர் அனைவரும் ஓர் அடிப்படைச் சிக்கலை எதிர்கொள்கின்றனர். ஆடியோர் எழுதவில்லை, எழுதியோர் ஆடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் அளவினையும் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன் முதலியோரின் தகைமைகளையும் விரிவாக எடுத்துரைக்கின்றது. அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் தம் காலத்துக்கு முன்னரே வழக்கொழிந்த நாடக நூல்களைக் குறிப்பிடுகின்றார். ஆயின் இவை யாவும் புலவரும் உரையாசிரியரும் தந்த செய்திகளே. நவீன காலத்திலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. ஈழம் தந்த பேரறிஞர் சுவாமி விபுலாநந்தர் 1926 இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடகவியலையும் தமிழ் மரபினையும் ஒருங்கே நோக்கிய முன்னோடி நூல். எனினும் அவர் பிறந்த கிழக்கு மண்ணின் வயல்வெளிகளில் இரவிரவாக ஆடப்பட்டு வந்த கூத்து அந்நூலின் மையப் பொருளாக அமையவில்லை.

இதனைத் தனிமனிதரின் குறைபாடாகக் கொள்வது தவறாகும். மூளை உழைப்பும் உடல் உழைப்பும் வேறுபிரிந்து, முன்னது உயர்ந்ததாகவும் பின்னது தாழ்ந்ததாகவும் கருதப்படுகின்ற வர்க்க சமுதாயத்தில், ஆட்டம் உடலுழைப்பின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. நமது சமுதாயத்தில் அப்பிரிவினை சாதியின் வடிவிலே மேலும் இறுகிற்று. ‘கூத்தாடி’ என்ற சொல் வசைச் சொல்லாக வழங்கியமைக்கு இதுவே காரணம். ஆட்டத்தைப் பற்றிய நூலறிவு மதிக்கப்பட்டது. ஆடும் அறிவு மதிக்கப்படவில்லை.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதே பேராசிரியர் சி. மௌனகுருவின் வாழ்க்கைப் பணி முக்கியத்துவம் பெறுகின்றது. 1943 இல் மட்டக்களப்பில் பிறந்த அவர் நடிகர், ஆசிரியர், ஆய்வாளர் என்ற முந்நிலைகளிலும் செயற்பட்டவர். இம்மூன்றும் அவரிடத்து ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதே நமது கருத்து. எண்பதுகளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவர் பணிபுரிந்த ஏறத்தாழ ஒரு தசாப்த காலத்தில் இவ்விணைவு முழுமையாக வெளிப்பட்டது. இந்த இணைவு ஈழத்து அரங்க ஆய்வுக்கு எதனைத் தந்தது? எந்த இடத்தில் அது தன் எல்லையைத் தொட்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பாராட்டுரை எழுதுவது நமது நோக்கமன்று. அவர் தம் ஆய்வுகளிலே கைக்கொண்ட சமூகவியல் நோக்கினை அவருடைய பணிக்கும் பொருத்திப் பார்ப்பதே அப்பணிக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.

2

தனிமனித ஆற்றலைக் கொண்டு மட்டும் ஒரு கலைஞனை விளக்கிவிட முடியாது. கூத்தாடும் கிராமத்துச் சிறுவன் ஒருவன் பல்கலைக்கழகப் பேராசிரியனாவதற்கு வரலாறு ஒரு வழியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகளும், அவற்றைத் தொடர்ந்து தாய்மொழி வழியாக உயர்கல்வி பெறும் வாய்ப்பும் அவ்வழியைத் திறந்தன. மௌனகுரு கற்ற வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் இத்தகைய பாடசாலைகளுள் ஒன்று. நகரத்து ஆங்கிலப் பாடசாலையிற் கற்பவன் தன் ஊர்க் கலையை மறந்தாலன்றி முன்னேற முடியாத நிலை இருந்தது. கிராமத்தின் நடுவே அமைந்த மத்திய பாடசாலையிற் கற்றவனுக்கோ, பகலில் வகுப்பறையும் இரவில் களரியும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன.

மட்டக்களப்பில் கூத்து ஒரு சமூகச் செயற்பாடு என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். வயல் வேலை ஓய்ந்த காலத்தில் ஊரார் கூடி அண்ணாவியாரை அழைப்பர். ஆடுவோரைத் தெரிந்து அவரவர்க்குரிய பகுதியை வழங்கும் ‘சட்டங் கொடுத்தல்’ முதலில் நிகழும். பின்னர் வாரந்தோறும் பழக்கம் நடைபெறும். அதன்பின் சதங்கை அணியும் விழா. ஈற்றில் வட்டக்களரியில் அரங்கேற்றம். மாதக்கணக்கில் நீளும் இந்த நிகழ்ச்சித் தொடரில் ஊர் முழுவதும் ஏதோவொரு வகையிற் பங்குகொள்கின்றது. அதேவேளை, காணியுடைய போடியாரின் ஆதரவும், ஊரின் சாதி ஒழுங்கும், கோயிலின் அதிகாரமும் இந்த அமைப்பினுள்ளே செயற்பட்டன. கூத்து மக்கள் கலை என்பது உண்மை; அது நிலவுடைமைச் சமூகத்து மக்களின் கலை என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டாவது உண்மையை மறந்தோர் பின்னாளிற் கூத்தினைப் புனிதப் பொருளாக்கினர்.

3

1961 முதல் 1965 வரை மௌனகுரு பேராதனைப் பல்கலைக்கழக மாணவர். அக்காலத்துப் பேராதனையின் கலைச் சூழலை விளங்கிக்கொள்வதற்கு 1956 இல் மேடையேறிய எதிரிவீர சரச்சந்திராவின் ‘மனமே’யிலிருந்து தொடங்க வேண்டும். சிங்கள நாடகம் என்னும் கிராமிய வடிவத்திலிருந்து சிங்கள மக்களுக்கான தேசிய அரங்கொன்றை அவர் உருவாக்கினார். அந்த நாடகம் என்னும் வடிவமே தமிழ்க் கூத்தின் செல்வாக்கினால் வளர்ந்தது என்பது ஆய்வாளர் ஒப்புக்கொண்ட செய்தி. தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன், மூலமாகிய கூத்து நம்மிடையே உயிருடன் இருக்கையில் அதிலிருந்து தமிழருக்குரிய தேசிய அரங்கை ஏன் ஆக்கக்கூடாது என்று சிந்தித்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, அதன்பின் ‘இராவணேசன்’, 1968 இல் ‘வாலி வதை’ என அவருடைய தயாரிப்புகள் வெளிவந்தன. இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்து இரண்டு மணி நேரத்துக்குட்பட்டதாகச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்த களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. ஆட்டத்துடன் பாவமும் நடிப்பும் வற்புறுத்தப்பட்டன.

இப்பணியை மொழிவழித் தேசிய உணர்வு எழுச்சியுற்ற ஐம்பதுகளின் விளைவாகவே கொள்ளவேண்டும். தனக்கென ஒரு கலை அடையாளத்தைத் தேடிய கற்ற மத்தியதர வர்க்கம், அதுவரை தான் இழிவாகக் கருதிய கூத்தினிடத்துத் திரும்பியது. திரும்பியபோது அதனைத் தன் அழகியல் விருப்புக்கேற்பச் செப்பனிட்டுக் கொண்டது. இதில் ஆதாயமும் இழப்பும் ஒருங்கே இருந்தன.

‘இராவணேசன்’ கூத்தின் பாடத்தை மாணவராயிருந்தபோதே யாத்தவர் மௌனகுரு. அதில் இராவணனாக ஆடியவரும் அவரே. நமது தலைமுறையினர் அறுபதுகளின் அந்த ஆற்றுகையைக் கண்டவரல்லர். எனினும் அதனைக் கண்டோர் அப்பாத்திரத்தையே அவருடைய நடிப்பு வாழ்வின் அடையாளமாக இன்றுவரை குறிப்பிடுகின்றனர். வடமோடியின் வீறார்ந்த ஆட்டம் அரச பாத்திரத்துக்கென்றே அமைந்தது. அந்த ஆட்டத்தினூடாக, வீழ்ச்சியை நோக்கிச் செல்லும் ஒருவனின் அக முரண்பாட்டைக் காட்டுதல் எளிதன்று. கால் இராவணனின் வீறைச் சொல்ல, முகம் அவனது தனிமையைச் சொல்லவேண்டும். மரபுவழிக் கூத்திலே கால்களுக்கு இருந்த முதன்மையை முகத்துடன் பகிர்ந்துகொள்ளச் செய்த இந்நடிப்பு முறை, வித்தியானந்தனின் நெறியாள்கை கோரிய மாற்றத்தின் வெளிப்பாடாகும்.

இக்கட்டத்தில் ஒரு செய்தியை அழுத்திக் கூறவேண்டும். பேராதனை மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா. ஆகவே இளைஞர் மௌனகுருவின் முன் இரு ஆசிரியர்கள் நின்றனர். ஒருவர் பேராசிரியராகும் தகுதிபடைத்த ஆய்வறிஞர்; மற்றவர் மத்தளத்தையே ஏடாகக் கொண்ட கிராமத்துக் கலைஞர். ஒருவரிடமிருந்து வரலாறு, ஒப்பியல், திறனாய்வு ஆகியன கிடைத்தன. மற்றவரிடமிருந்து தாளக்கட்டு, வரவு, ஆட்டத்தின் நுணுக்கம் ஆகியன கிடைத்தன. பல்கலைக்கழகம் முன்னவருக்குப் பதவியையும் ஊதியத்தையும் வழங்கியது. பின்னவரைப் பயிற்சி முடிந்ததும் ஊருக்கு அனுப்பியது. இந்த ஏற்றத்தாழ்வை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அது நிறுவனத்தின் இயல்பிலேயே இருந்தது. மௌனகுருவின் வாழ்க்கைப் பணி முழுவதையும் இவ்விரு ஆசிரியரையும் ஒருவரிடத்தே இணைக்கும் முயற்சி எனக் கூறலாம். அம்முயற்சி எந்த அளவுக்கு வெற்றிபெற்றது என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

4

அறுபதுகளின் பிற்பகுதி யாழ்ப்பாணக் குடாநாட்டில் சாதியொடுக்குமுறைக்கெதிரான வெகுசனப் போராட்டங்களின் காலம். 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் சம உரிமை கோரிய போராட்டங்களாக வளர்ந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்றில் நாடறிந்த களமாயிற்று. இப்போராட்டங்கள் கலைஞர் முன் ஒரு வினாவை வைத்தன. மக்கள் வடிவம் என்று நாம் போற்றும் கூத்து, மக்களின் இன்றைய போராட்டத்தைப் பேச வல்லதா? என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யைக் காத்தவராயன் கூத்தின் பாங்கில் அம்பலத்தாடிகள் குழுவினர் ஆடியமை இவ்வினாவுக்கு யாழ்ப்பாணம் அளித்த விடை. மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி அளித்த விடை.

அறுபதுகளின் இறுதியில் உருவாகி, பின்னர் யாழ்ப்பாணத்திலும் ஆடப்பட்ட ‘சங்காரம்’, இராமாயண பாரதக் கதைகளை விடுத்து, மனித சமுதாயத்தின் கதையையே கூத்தின் பொருளாக்கியது. சாதி, இனம், மதம், வர்க்கம் என்பன அரக்கர்களாக உருவகிக்கப்படுகின்றன. உழைக்கும் மக்கள் திரண்டு அவர்களைச் சங்கரிக்கின்றனர். வடமோடியில் கம்பீரமான வரவு அரசனுக்கு உரியது. அந்த வரவின் தாளத்துக்கு உழைப்பாளி ஆடிவந்தபோது, வடிவத்தினுள்ளே உறைந்திருந்த அதிகார ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டது. இதனை உள்ளடக்க மாற்றமாக மட்டுங் கொள்ளலாகாது. யாருடைய கால்களுக்கு எந்தத் தாளம் உரியது என்ற மரபின் விதியே இங்கு கேள்விக்குள்ளாகியது. ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவனாலேயே இத்தகைய மாற்றத்தைச் செய்ய முடியும். ஏட்டை மட்டும் அறிந்தவன் பாடலின் சொற்களை மாற்றியிருப்பான், அவ்வளவே.

ஆயின் ‘சங்காரம்’ விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. சாதியும் இனமும் மதமும் வர்க்கமும் ஒரே வரிசையில் நிற்கும் அரக்கர்களாகக் காட்டப்படும்போது, அவற்றுக்கிடையேயான உறவு மறைந்துபோகின்றது. சாதி எந்த உற்பத்தி உறவுகளில் வேரூன்றி நிற்கின்றது என்பதை உருவகம் சொல்லவில்லை. மேலும், இறுதிப் போரில் அரக்கர் வதைபட்டு ஒழிவது புராணக் கூத்தின் முடிவு. வரலாற்றில் ஒடுக்குமுறை ஒரே போரில் மாள்வதில்லை. வடிவத்தை வென்று தன்வயமாக்கிய படைப்பாளி, அவ்வடிவத்தின் கதைமுடிவு விதியிடம் ஓரளவு பணிந்துபோனார் என்றே நாம் கருதுகின்றோம். அக்காலத்து முற்போக்கு இலக்கியத்தின் பெரும்பகுதிக்கும் பொருந்தும் குறை இது. எனினும் மக்கள் கூடிய மேடையில் அது எழுப்பிய நம்பிக்கையை இக்குறையைக் காட்டி மறுத்தல் நேர்மையாகாது.

5

1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கப்பெற்ற நிறுவனம், க. கைலாசபதியை முதற் தலைவராகக் கொண்டிருந்தது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது சு. வித்தியானந்தன் முதற் துணைவேந்தரானார். கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆராய்ந்தவர்; அவரும் அக்காலத்தில் இங்கேயே பணியாற்றினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, அ. தாசீசியஸ் போன்றோரின் துணையுடன் களப்பயிற்சியின் மூலம் நடிகரை உருவாக்கிக்கொண்டிருந்தது. கோட்பாடும் ஆய்வும் பயிற்சியும் ஒரே நகரில் சில கல் தொலைவுக்குள் கூடியிருந்த அரிய காலம் அது. மௌனகுரு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது இத்தகைய சூழலில் ஆகும்.

யாழ்ப்பாணம் அரங்க மரபற்ற பூமியன்று. வட்டுக்கோட்டையின் வடமோடி, கரையோரக் கத்தோலிக்க மக்களின் கூத்து, காத்தவராயன் கூத்து, வி. வி. வைரமுத்து போன்ற மாபெரும் நடிகரைத் தந்த இசை நாடகம் என்பன இங்கு உயிர்ப்புடன் இருந்தன. பூந்தான் யோசேப்பின் பெயர் குருநகர்ப் பகுதியில் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. ஆயினும் கற்ற யாழ்ப்பாணத்தவர் இவற்றைத் தம் பண்பாட்டின் மையத்தில் வைத்திருந்தனர் என்று கூறமுடியாது. அவர்களுக்குப் பண்பாடென்பது கருநாடக இசையும் பரதமும் கோயிலுமாகவே இருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் வகுப்பறையில் எழுந்து நின்று தாளக்கட்டைச் சொல்லி ஆடிக்காட்டுவது அத்தகைய சமூகத்தில் சாதாரண நிகழ்ச்சியன்று. பேராசிரியத் தகுதியுடைய ஒருவர் ஆடும்போது, ஆட்டத்தின் மீது ஏற்றப்பட்ட இழிவு சிறிதேனும் குறைகின்றது. ஆயின் அவ்விழிவு குறைவதற்குப் பட்டம் பெற்ற ஒருவரின் உடல் தேவைப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

எண்பதுகளில் நாடகமும் அரங்கியலும் பல்கலைக்கழகப் பாடமாகவும் உயர்தரப் பரீட்சைக்குரிய பாடமாகவும் நிலைபெற்றது. இதன் விளைவுகள் நாடெங்கும் பரவின. பாடசாலைதோறும் நாடக ஆசிரியர் தேவைப்பட்டனர், பாடநூல்கள் தேவைப்பட்டன. மௌனகுருவின் நூல்களுட் பல இத்தேவையிலிருந்து பிறந்தவை. ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களும், பெண்ணொடுக்குமுறையைப் பொருளாகக் கொண்ட ‘சக்தி பிறக்குது’வும் அவரது கற்பித்தலின் நீட்சியாகவே அமைந்தன. பின்னையதில் கூத்தும் பரதமும் ஒரே மேடையில் இணைக்கப்பட்டன. கற்ற மத்தியதர வர்க்கம் உயர்த்திப் பிடித்த ஆடலையும், அது தாழ்த்தி வைத்த ஆடலையும் பெண்களின் விடுதலை என்ற ஒரே குறிக்கோளுக்கு உழைக்கச் செய்தமை கவனத்திற்குரியது.

அதே தசாப்தத்தில் யாழ்ப்பாணத்தின் அரசியற் சூழல் முற்றாக மாறிவிட்டது. 1981 இல் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 இன் இனவன்செயலுக்குப் பின் இளைஞர் பெருந்தொகையினராக ஆயுதப் போராட்டத்தை நோக்கிச் சென்றனர். 1985 இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ பல்கலைக்கழக மாணவரால் ஊரூராக ஆடப்பட்டது. அரங்கு அவ்வேளையில் மக்களின் கூட்டுத் துயரின் குரலாயிற்று. இவ்வரங்கு கூத்தின் மரபிலிருந்து சில கூறுகளைப் பெற்றுக்கொண்ட போதிலும் அதன் அழகியல் வேறானது. தேர்ந்த ஆட்டத்தைவிடக் கூட்டான குரலே அங்கு முதன்மை பெற்றது. இவ்விரு போக்குகளையும் எதிரெதிராக நிறுத்துவோர் உளர். நமது பார்வையில், உடனடி அரசியற் பணியும் நீண்டகாலப் பயிற்சியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. கூட்டுக் குரலை எழுப்பிய மாணவர்களுக்கு உடலையும் குரலையும் பழக்கியதில் நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சிக்கும் பல்கலைக்கழக வகுப்பறைக்கும் பங்குண்டு.

6

மௌனகுருவின் ஆய்வுப் பணியின் உச்சம், 1983 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் மேற்கொண்ட மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய ஆய்வாகும். அது 1998 இல் நூலுருப்பெற்றது. அவ்வாய்வின் தனித்தன்மை எதில் உள்ளது?

அதற்கு முன்னர் ஈழத்தில் கூத்து ஆய்வென்பது பெரும்பாலும் ஏடுகளின் பதிப்பாகவும் பாடல்களின் ஆய்வாகவும் இருந்தது. வித்தியானந்தன் அறுபதுகளில் ‘அலங்கார ரூபன் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ முதலியவற்றைப் பதிப்பித்தமை அத்துறையில் அடித்தளமிட்ட பணி. எனினும் ஏடு கூத்தன்று. ஏட்டிலே விருத்தமும் தருவும் உள்ளன; அவற்றுக்கிடையே நிகழும் ஆட்டம் இல்லை. வடமோடிக்கும் தென்மோடிக்கும் இடையிலான வேறுபாட்டைக் கதைகளைக் கொண்டு மட்டும் விளக்க முயன்றால் அவ்விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகின்றது. ஆட்டமுறை, தாளம், உடை, பாடும் முறை என்பவற்றை ஒருங்கே நோக்கும்போதே அது தெளிவாகின்றது. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் உரிய தாளக்கட்டு அப்பாத்திரத்தின் சமூக நிலையையும் இயல்பையும் குறித்து நிற்கின்றது என்பதை அவ்வரவை ஆடியவன் தன் கால்களால் அறிவான். மௌனகுரு தம் உடல் அறிந்ததை ஆய்வுமொழிக்குக் கொண்டுவந்தார். ஆட்டக்காரனின் அனுபவம் ஆய்வாளனின் சான்றாகியது.

‘சடங்கிலிருந்து நாடகம் வரை’ என்ற நூலில் அவர் இவ்வனுபவத்தை உலகளாவிய வரலாற்று நோக்குடன் இணைத்தார். சடங்கிலிருந்து நாடகம் தோன்றியது என்ற கருத்தை, கிரேக்க நாடகம் பற்றி எழுதிய தொம்சன் வர்க்க சமுதாயத்தின் தோற்றத்துடன் தொடர்புபடுத்தியிருந்தார். கிரேக்க அறிஞர் இறந்த காலத்தின் எச்சங்களிலிருந்து ஊகித்த படிமுறைகளுள் பல, ஈழத்தின் கிராமங்களில் இன்னும் நிகழ்வனவாக இருந்தன. ஆகவே நமது ஆய்வாளர் பிறர் கோட்பாட்டைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாது, அதனைச் சோதிக்கும் வாய்ப்பையும் பெற்றிருந்தனர்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன் தரும். ஜேர்மனிய நாடகாசிரியர் பிரெக்ற், நடிகன் பாத்திரத்துள் முற்றாகக் கரைந்துவிடாது அதனைச் சுட்டிக்காட்டுபவனாக இருக்கவேண்டும் என வற்புறுத்தினார். அதற்கான முன்மாதிரிகளைச் சீன அரங்கிலே கண்டார். நமது கூத்தில், அரசன் களரிக்கு வரும்போது அவன் வரவைப் படர்க்கையிலே பாட, அப்பாட்டுக்கு அவனே ஆடுகின்றான். பிற்பாட்டுக்காரர் அவனுடைய அடிகளை மீட்டுப் பாடுகின்றனர். ஆடுவோன் அங்கு அரசனும் ஆவான், அரசனைப் பற்றிச் சொல்பவனும் ஆவான். இவ்வியல்பினைப் பிரெக்ற்றைப் படித்துத்தான் அறியவேண்டும் என்ற அவசியம் கூத்தாடிக்கு இல்லை. ஆயின் பிரெக்ற்றைப் படித்த கூத்தாடி, தான் செய்வதன் பொருளைப் பெயரிட்டு விளக்க வல்லவனாகின்றான். வங்காளத்து உத்பல் தத் நடிகராகவும் நெறியாளராகவும் அரங்கக் கோட்பாட்டாளராகவும் ஒருங்கே திகழ்ந்து ஜாத்ரா மரபைப் புரட்சிகர உள்ளடக்கத்துக்குப் பயன்படுத்தியதும் இத்தகைய இணைவின் விளைவே.

7

இனி எல்லைகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மௌனகுரு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கு மாணவரைக் கொண்டு ‘இராவணேசனை’ மீளவும் உருவாக்கினார். அறுபதுகளில் இராவணனின் வீறும் வீழ்ச்சியுமே மையமாக இருந்தன. நீண்ட போரின் அழிவைக் கண்ட பின் எழுந்த வடிவத்தில் போரை மறுக்கும் மண்டோதரியின் குரல் முன்னிலும் அழுத்தம் பெற்றது. தான் ஆடிய பாத்திரத்தைத் தானே கேள்விக்குட்படுத்தும் இம்மாற்றம், ஆய்வாளர் தம் நடிகரைத் திருத்திய ஒரு தருணம் எனலாம்.

அதே காலப்பகுதியில், அதே பல்கலைக்கழகத்திலிருந்தே ஒரு மாற்றுக்குரலும் எழுந்தது. சி. ஜெயசங்கர் முன்வைத்த ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற கருத்து, கூத்தை அதன் சமூகத்திலிருந்து பிரித்தெடுத்து நகர மேடைக்கேற்பச் செப்பனிடும் முறையை விமர்சித்தது. கூத்தைச் சமூகத்தினுள்ளேயே, அச்சமூகத்தாருடன் உரையாடி, அதிலுள்ள சாதி, பால் ஒடுக்குமுறைக் கூறுகளை அவர்களே களைந்து மீள ஆக்கவேண்டும் என்று அது வாதிட்டது. சீலாமுனையில் அதற்கான செயற்பாடுகள் நிகழ்ந்தன. இவ்விவாதம் சில வேளைகளில் தனிப்பட்ட தொனியைப் பெற்றமை வருந்தத்தக்கது. அதன் அடிநாதம் தனிமனிதர் சார்ந்ததன்று. கூத்து யாருடையது, அதை மாற்றும் உரிமை யாருக்குண்டு என்பதே அதன் கேள்வி.

நமது நிலைப்பாட்டை ஒளிவுமறைவின்றிக் கூறுவோம். செப்பனிடும் முறையை முற்றாக நிராகரிப்போர், ‘சங்காரம்’ போன்ற ஆக்கம் அம்முறையின்றித் தோன்றியிருக்காது என்பதை மறக்கின்றனர். கிராமத்தின் சாதி ஒழுங்குக்குட்பட்ட களரியில் அன்று அத்தகைய கூத்தினை ஆட இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. நகர மேடை அந்த வகையில் ஒரு விடுதலை வெளியாகவும் இருந்தது. மறுபுறம், நகர மேடையின் அளவுகோலையே கூத்தின் அளவுகோலாகக் கொண்டபோது, ‘செம்மை’ என்ற சொல் கிராமத்து ஆட்டத்தைச் செம்மையற்றதெனக் குறிக்கும் சொல்லாக மாறிற்று. தேர்ந்த நடிகரான மௌனகுருவின் கண் தேர்ந்த ஆற்றுகையையே தேடியது. சனக்கூட்டத்தின் நடுவே, பிழையாகவும் மகிழ்ச்சியாகவும் ஆடும் ஊரவனின் ஆட்டத்தில் உள்ள சமூகப் பயனை மதிப்பிடுதற்கு அக்கண் போதுமானதன்று. இவ்வாறு, அவருடைய ஆய்வுக்கு வலுவளித்த நடிப்பனுபவமே அதன் எல்லையையும் வகுத்தது.

இரண்டாவது எல்லை இதனினும் பாரதூரமானது. அது மௌனகுரு என்ற தனிமனிதரைச் சார்ந்ததன்று. அண்ணாவியார் ஆய்வேட்டில் தகவலாளராகவே இடம்பெறுகின்றார். அவருடைய அறிவு பட்டமாக மாறும்போது அப்பட்டம் ஆய்வாளனைச் சேர்கின்றது. அவருக்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி. விவசாயியின் விளைச்சல் சந்தையில் பெறும் மதிப்பு அவனை வந்தடையாமை பற்றி நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதியுள்ளோம். அறிவின் சந்தையிலும் இதே உறவு நிலவுகின்றது என்பதை எழுதத் தயங்குகின்றோம். ஏனெனில் இங்கு இடைத்தரகர் நாமே.

8

மௌனகுருவின் முந்நிலைப் பணி நமக்குக் கையளிக்கும் பாடம் யாது? அரங்கு பற்றிய அறிவு செயலினாற் பெறப்படுவது, செயலினாற் சோதிக்கப்படுவது என்ற உண்மையை அவர் தம் உடலால் நிறுவினார். ஆடுவோனும் ஆராய்வோனும் ஒருவனாக இருக்க முடியும் என்பதைச் செய்து காட்டினார். நம் பல்கலைக்கழகங்களில் இன்று நாடகமும் அரங்கியலும் நிலைபெற்ற துறை. அதற்கு இடமுண்டு, பரீட்சையுண்டு, பதவியுண்டு. ஆயின் அவர் ஒன்றாக்கிய மூன்றும் அத்துறை நிலைபெற்றதனாலேயே மீண்டும் பிரிந்து செல்கின்றன. ஆற்றுகை ஒரு புள்ளிக்குரிய பயிற்சியாகவும், ஆய்வு ஒரு பதவி உயர்வுக்குரிய கட்டுரையாகவும், கற்பித்தல் குறிப்புக் கொடுத்தலாகவும் குறுகும் அபாயம் நம் கண்முன் உள்ளது. ஆடாமலே கூத்தை ஆராயும் தலைமுறையொன்று மீண்டும் உருவாகுமாயின், அடியார்க்குநல்லார் காலத்திலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை என்றே பொருள்படும்.

இதனைத் தடுக்க இரு காரியங்கள் உடனடியாகச் செய்யப்படவேண்டும் எனக் கருதுகின்றோம். முதலாவது, கூத்துப் பற்றிய ஆய்வினை மேற்கொள்ளும் மாணவர் ஒரு கூத்தையேனும் சட்டங் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை அண்ணாவியார் ஒருவரிடம் பழகி ஆடியிருத்தல் விதியாக்கப்படவேண்டும். இரண்டாவது, அந்த அண்ணாவியார் தகவலாளராக அன்றி ஆசிரியராகவும் தேர்வாளராகவும் பெயர் குறித்து ஏற்கப்படவேண்டும். அதற்குரிய ஊதியமும் வழங்கப்படவேண்டும். பட்டமில்லாதவர் பட்டப்படிப்பு மாணவரை மதிப்பிடுவதா என்று கேட்போர் எழுவர். பேராதனையின் மாணவர்களை அறுபதுகளில் ஆட வைத்த செல்லையா அண்ணாவியாரிடம் எந்தப் பட்டம் இருந்தது என்று அவர்களைக் கேட்போம். அவர் இன்றி ‘கர்ணன் போர்’ இல்லை; அந்த ஆட்டமின்றி நாம் ஈண்டு மதிப்பிட்ட ஆய்வும் இல்லை. இந்தக் கடனை நிறுவனமாக நின்று திருப்பிச் செலுத்துவதே, இரு ஆசிரியரிடம் கற்ற ஒருவர் தொடங்கிவைத்த பணியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்லும் வழியாகும்.